ரெய்கிக்கு இருபது நிமிடம், காய்ச்சலுக்கு ஒரு நாளும் இல்லை

ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணிலிருந்து வடக்கே சற்று நடந்தால் புளூர் வீதி கிழக்கு. 200ஆம் இலக்கத்தில் மானுலைஃப் காப்புறுதி நிறுவனத்தின் தலைமையகம், 333ஆம் இலக்கத்தில் ரோஜர்ஸ் தொலைத்தொடர்பு நிறுவனம். அந்த வீதிக்குத் தெற்கே, சென் ஜேம்ஸ் ரவுணில், 1960களில் எழும்பிய உயர்மாடிக் கட்டடங்கள் 19. கனடிய நகரங்களின் பெயர் சூட்டப்பட்ட அந்தக் கட்டடங்களில்தான், 1980களிலும் 90களிலும் ஈழத்திலிருந்து வந்தவர்களில் பெருந்தொகையினர் முதன்முதலாகக் கட்டிலும் குளிர்ச்சட்டையும் வாங்கிக் குடியேறினார்கள். பின்னர் பலர் ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ் என்று வீடு வாங்கிப் போய்விட்டார்கள். போகாதவர்களும் பிறகு வந்தவர்களும், பிலிப்பினோக்களோடும் நேபாளிகளோடும் சேர்ந்து, இன்னும் அதே லிஃப்ற்றுக்குக் காத்து நிற்கிறார்கள்.

புளூர் வீதி போன்ற அலுவலக வீதிகளில் இப்போது பேச்செல்லாம் ஊழியர் நலவாழ்வு பற்றித்தான். மதிய இடைவேளையில் யோகா, கைப்பேசியில் தியானச் செயலி, மாதம் ஒருமுறை கதிரை மசாஜ். அந்த வரிசையில் ரெய்கியும் சேர்ந்துவிட்டது. மடிப்புக் கட்டிலோடு வேலைத்தலத்துக்கே வருவோம் என்று விளம்பரம் செய்கிறவர்கள் ரொறன்ரோவிலும் உண்டு. கூட்ட அறையின் மேசையை ஓரமாகத் தள்ளிவிட்டு விளக்கைக் குறைக்கிறார்கள். ஊழியர் சப்பாத்தைக் கழற்றி, உடுத்த உடுப்போடு கட்டிலில் படுக்கிறார் அல்லது கதிரையில் சாய்கிறார். ரெய்கி செய்பவர் தலை, தோள், வயிறு, முழங்கால் என்று கையை மெல்ல வைத்தோ, சற்று மேலே பிடித்தோ, ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடம் நிற்கிறார். பிசைவதில்லை, எண்ணெய் பூசுவதில்லை. பிரபஞ்ச சக்தி கை வழியாகப் பாய்கிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். இருபது நிமிடத்தில் ஊழியர் எழும்பித் தலைமயிரைச் சரிசெய்துகொண்டு கணினிக்குத் திரும்புகிறார். எப்படி இருந்தது என்று கேட்டால் பெரும்பாலும் ‘நல்லா இருந்தது’ என்பார். அவர் பொய் சொல்லவில்லை.

ஏன் நன்றாக இருந்தது என்பதை அமெரிக்கத் தாதியர் சிலர் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். கீமோ ஏற்ற வந்த 189 புற்றுநோயாளரை மூன்று பிரிவாக்கினார்கள். முதற்பிரிவுக்கு ரெய்கி கற்றவர் ரெய்கி செய்தார். இரண்டாம் பிரிவுக்கு, ரெய்கி கற்காத ஒருவர் அதே இடங்களில் அதேபோலக் கையை வைத்து நடித்தார். மூன்றாம் பிரிவுக்கு வழக்கமான பராமரிப்பு மட்டும். 2011இல் வெளியான முடிவு இது: ரெய்கி கிடைத்தவர்களுக்குச் சுகம் கூடியது, நடிப்பு ரெய்கி கிடைத்தவர்களுக்கும் கூடியது. வெறும் பராமரிப்போடு விடப்பட்டவர்களுக்குத்தான் அந்த ஆறுதல் கிடைக்கவில்லை. ஒருவர் பக்கத்தில் அமைதியாக இருந்து, அவசரப்படாமல் கவனித்தார் என்பதே நோயாளிக்குப் போதுமாக இருந்திருக்கிறது.

பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் ரெய்கி உதவுமா என்று 2015இல் கொக்ரேன் அமைப்பு ஆராய்ந்தது. மருத்துவ ஆய்வுகளைச் சலித்தெடுப்பதில் உலகில் பெயர்பெற்ற அமைப்பு அது. தேறிய ஆய்வுகள் மூன்றே மூன்று, அவற்றில் பங்கெடுத்தவர்கள் மொத்தம் 124 பேர். உதவும் என்றோ உதவாது என்றோ சொல்ல இது போதாது என்று கோப்பை மூடினார்கள். ரெய்கிக்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்று சொல்லத்தக்க தெரப்பியூற்றிக் ரச் என்ற கைமுறைக்கோ 1998இல் இன்னும் மோசமான அடி விழுந்தது. அடித்தவர் எமிலி ரோசா. பாடசாலை விஞ்ஞானச் செயற்றிட்டத்துக்காக இந்தச் சோதனையைத் தொடங்கியபோது அந்தச் சிறுமிக்கு ஒன்பது வயது. சிகிச்சையாளர் 21 பேரை ஒரு மட்டைத் தடுப்புக்கு அப்பால் இருத்தி, அதன் துளைகளூடாக இரு கைகளையும் நீட்டச் சொன்னாள். தன் கையை அவற்றில் ஒன்றுக்கு மேலே பிடித்து, எந்தக் கையில் சக்தி தெரிகிறது என்று கேட்டாள். அவர்கள் சரியாகச் சொன்னது 44 சதவீதம். நாணயத்தைச் சுண்டிப் பார்த்திருந்தாலே 50 கிடைத்திருக்கும். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகை அதை அச்சிட்டது.

ரெய்கி மேற்குக்கு வந்த கதையையும் இங்கே சொல்லத்தான் வேண்டும், ஏனெனில் அது வேலைக் களைப்பில் தொடங்குகிறது. யப்பானில் மிக்காவோ உசுயி 1922இல் இதைத் தொடங்கி, 1926இல் இறந்துபோனார். அவருடைய மாணவர் சுஜிரோ ஹயாஷி தோக்கியோவில் ஒரு சிகிச்சை நிலையம் நடத்தினார். 1935இல் அங்கே வந்து சேர்ந்தவர் ஹவாயோ தக்காத்தா. ஹவாய்த் தீவுக்குக் கரும்புத்தோட்ட வேலைக்கு வந்த யப்பானியக் குடும்பத்தில் 1900இல் பிறந்தவர். கணவரை இழந்து, இரண்டு பெண்பிள்ளைகளை வளர்க்க ஓயாமல் உழைத்து உடைந்துபோனவர். நாளுக்கு நாள் கைவைத்துப் பார்த்ததில் சில மாதங்களில் குணமானேன் என்பது அவரே சொன்ன வரலாறு. வேலையை விட்டு, கடல் கடந்து, மாதக்கணக்கில் படுத்து ஓய்வெடுத்ததில் எவ்வளவு குணம், கையில் எவ்வளவு குணம் என்று அப்போது யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. தக்காத்தா ஹவாய்க்குத் திரும்பி அதைத் தொழிலாக்கினார். மாஸ்ரர் பட்டத்துக்கு அவர் வாங்கிய கட்டணம் 10,000 அமெரிக்க டொலர். இன்று ஒரு வார இறுதி வகுப்போடு முதற்படி முடிந்துவிடுகிறது. ஒன்ராறியோவில் மசாஜ் செய்பவர்களையும் உளவளச் சிகிச்சையாளர்களையும் ஒழுங்குபடுத்தச் சட்டப்படியான கல்லூரிகள் உண்டு. ரெய்கிக்கு அப்படி எதுவும் இல்லை.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு, வேலைத்தலத்தில் ரெய்கியே கூடாது என்று தீர்ப்பெழுதினால் அது அவசரத் தீர்ப்பாகிவிடும். அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக் வைத்தியசாலையில் ‘கோட் லாவண்டர்’ என்றொரு ஏற்பாடு உண்டு. சிகிச்சை அறையில் ஒரு குழந்தை இறந்துபோகிறது, அல்லது ஒரே ஷிஃப்ற்றில் அடுத்தடுத்து மரணம் நிகழ்கிறது என்றால், நோயாளிக்காக அவசர அணி ஓடிவருவதுபோல் அங்கு வேலைசெய்யும் தாதியருக்காக ஓர் அணி வருகிறது. கொஞ்சம் மசாஜ், கொஞ்சம் ரெய்கி, சிற்றுண்டி, தண்ணீர். கையில் ஊதா நிறப் பட்டி ஒன்றைக் கட்டிவிடுகிறார்கள். இவர் இன்று நொந்திருக்கிறார், கொஞ்சம் பார்த்து நடவுங்கள் என்று மற்றவர்களுக்கு அது சொல்லும். அங்கே ரெய்கியின் சக்தி பாய்ந்ததா இல்லையா என்பது பெரிய விடயமில்லை. அடி விழுந்த நேரத்தில் முதலாளி தரப்பு அதைப் பார்த்தது, வேலையை நிறுத்தி இருக்கச் சொன்னது. அதுவே சரியான இடத்தில் வைக்கப்பட்ட ரெய்கி.

பிழையான இடம் எதுவென்றால், வேலையின் கோலத்தை மாற்றாமல் வேலைசெய்கிறவரை மாத்திரம் ‘சரிப்படுத்த’ அனுப்புவது. இதற்கான ஆதாரம் சில ஆண்டுகளாகக் குவிந்துகொண்டிருக்கிறது. இலினோய் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ 5,000 ஊழியரைச் சீட்டுப்போட்டுப் பிரித்து நலவாழ்வுத் திட்டமொன்றை நடத்திப் பார்த்தார்கள். மருத்துவச் செலவிலும் வேலைக்கு வராத நாட்களிலும் சொல்லத்தக்க மாற்றமில்லை. பிஜேஸ் என்ற மொத்த விற்பனைக் கடைத்தொடரில் 160 கிளைகள், ஏறத்தாழ 33,000 ஊழியர், 18 மாதம். 2019இல் வந்த முடிவும் அதேதான். ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர் வில்லியம் ஃபிளெமிங் பிரித்தானியாவில் 233 நிறுவனங்களின் 46,336 ஊழியரது விபரங்களை ஒப்பிட்டு 2024இல் எழுதினார். தியான வகுப்பு, மனவுறுதிப் பயிற்சி, நித்திரைச் செயலி போன்றவற்றில் கலந்துகொண்டவர்கள், கலந்துகொள்ளாதவர்களைவிட நன்றாக இருக்கவில்லை. தொண்டு வேலைக்கு நேரம் கொடுத்த இடங்களில் மட்டும் கொஞ்சம் நல்ல பலன் தெரிந்தது.

அமேசன் நிறுவனம் 2021இல் தன் பண்டகசாலைகளுக்குள் தொலைபேசிக் கூண்டளவில் ஒரு பெட்டியை வைத்து, உள்ளே போய்த் தியான வீடியோ பாருங்கள் என்று ஊழியருக்குச் சொன்னது. அந்தப் பெட்டிக்கு ‘அமாசென்’ என்று பெயர் வேறு. இணையம் சிரித்த சிரிப்பில் நிறுவனம் அந்த விளம்பரத்தையே அழித்துவிட்டது.

மாறாக, அமெரிக்கக் காப்புறுதி நிறுவனமான எட்னாவின் கதையைப் பார்க்கலாம். அதன் அப்போதைய தலைவர் மார்க் பேர்ட்டலினி பனிச்சறுக்கு விபத்தில் கழுத்தெலும்பு முறிந்து, யோகாவால் தேறியவர். அந்த நம்பிக்கையில் ஊழியருக்கும் யோகாவும் தியானமும் கொண்டுவந்தார். 239 பேரை வைத்து நடத்திய ஆய்வில் மனவழுத்தம் குறைந்ததாகக் கண்டார்கள். இத்தோடு நிறுத்தியிருந்தால் அது வழக்கமான கதை. ஆனால் தன் கம்பனியில் முழுநேரம் வேலைசெய்பவர்களில் சிலர் அரச உணவு முத்திரையில் சீவிக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியவந்தது. 2015 ஜனவரியில், கம்பனியின் ஆகக்குறைந்த சம்பளத்தை மணிக்கு 16 டொலராக உயர்த்துவதாக அறிவித்தார். 5,700 பேருக்குச் சம்பளம் கூடியது. யோகாவில் நம்பிக்கை வைத்த ஒருவரே யோகா மட்டும் போதாது என்று கண்டுகொண்டார்.

இனி ஒன்ராறியோவுக்கு வருவோம். மாகாண வேலைநியமச் சட்டத்தின்படி ஓர் ஊழியருக்கு ஆண்டுக்கு மூன்று சுகவீன நாட்கள். மூன்றும் சம்பளமில்லாதவை. 2018 ஜனவரியில் லிபரல் அரசு இரண்டு நாட்களைச் சம்பளத்தோடு கொடுத்தது. டக் ஃபோர்ட் அரசு 2019 ஜனவரி முதலாம் திகதி அதைப் பறித்தது. கோவிட் மூன்றாம் அலையில், 2021 ஏப்ரலில், தற்காலிகமாக மூன்று சம்பள நாட்கள் வந்தன; 2023 மார்ச்சோடு அவையும் போயின. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2022 முதல் ஐந்து நாட்கள், கியூபெக்கில் இரண்டு நாட்கள் சம்பளத்தோடு உண்டு. வங்கி, விமானம், தொலைத்தொடர்பு போன்ற மத்திய அரசுச் சட்டத்தின் கீழ் வரும் துறைகளில் 2022 டிசம்பர் முதல் ஆண்டுக்குப் பத்து நாட்கள்வரை சேர்த்துக்கொள்ளலாம்.

இதன் விளைவைப் புளூர் வீதியிலேயே காணலாம். ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தின் மேசையில் இருப்பவருக்குக் காய்ச்சல் வந்தால், சட்டமே சம்பளத்தோடு வீட்டில் படுக்க விடுகிறது. அப்படியான ஒரு கட்டடத்தை ஒப்பந்தத்துக்கு எடுத்து இரவில் துப்புரவாக்கும் கம்பனியின் ஊழியர், அதே மேசையைத் துடைப்பவர், மாகாணச் சட்டத்துக்குள் வருகிறார். அவருக்கு அந்த நாள் சம்பளம் வெட்டு. மேசைக்காரருக்கு ரெய்கியும் கிடைக்கலாம். துடைப்பவர் வரும்போது ரெய்கிக்காரர் கட்டிலை மடித்துக்கொண்டு போய்விட்டிருப்பார்.

இடைவேளைச் சட்டமும் இதே கதைதான். ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் தொடர்ச்சியாக வேலைவாங்கக் கூடாது, இடையில் அரை மணி சாப்பாட்டு நேரம் கொடுக்க வேண்டும். அந்த அரை மணிக்குச் சம்பளம் கொடுக்கத் தேவையில்லை. கோப்பி குடிக்கும் இடைவேளை கொடுக்க வேண்டும் என்று சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. சம்பளத்தோடு இருபது நிமிடம் கண்ணை மூடிப் படுத்திருப்பது, ரெய்கி என்ற பெயரோடு வந்தாலும் இல்லாவிட்டாலும், ஏஜென்சி மூலம் தொழிற்சாலைக்குப் போகும் ஒருவருக்கு நினைத்துப் பார்க்க முடியாத வசதி. விடிய நாலரைக்கு எழும்பி, லிஃப்ற் வேலைசெய்யாவிட்டால் படியால் இறங்கி, முதல் பஸ்ஸைப் பிடித்து, எட்டு மணித்தியாலம் நின்றபடி பெட்டி அடுக்குகிறவர். முதியோர் இல்லத்தில் இரவு ஷிஃப்ற் முடித்து, பகலில் இன்னோர் இல்லத்துக்கு ஓடுகிறவர். இவர்களைத் தேடி எந்தக் கட்டிலும் வந்ததில்லை.

வீட்டுக்கு வந்தாலாவது ஓய்வா? 2018 ஓகஸ்ட் 21ஆம் திகதி சென் ஜேம்ஸ் ரவுணின் 650 பார்லிமென்ற் வீதிக் கட்டடத்தில் மின்கோளாறால் தீப்பிடித்தபோது, 1,500க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டு, ஓராண்டுக்கும் மேலாக ஹொட்டல்களிலும் உறவினர் வீடுகளிலும் இருந்தார்கள். இருந்தும் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள்.

தமிழருக்கு இன்னொரு சுமையும் உண்டு. மோர்டன் பைசரும் சக ஆய்வாளர்களும் ரொறன்ரோத் தமிழர் மத்தியில் நடத்திய ஆய்வு 2003இல் வெளியானது. போர் தந்த உளவடுவின் முழு அறிகுறிகளும் 12 சதவீதத்தினரிடம் காணப்பட்டன. அவர்களில் உதவி நாடியவர்கள் சிறு தொகையினரே. ‘விசர்’ என்று பெயர் வந்துவிடும் என்ற பயம் ஒரு புறம், தமிழில் கேட்கக்கூடிய வைத்தியர் இல்லாதது மறு புறம். கைவைத்துப் பார்ப்பதோ எங்கள் ஆட்களுக்கு அந்நியமில்லை. ஊரில் பார்வை பார்த்து, நூல் கட்டி, தண்ணீர் ஓதிக் குடித்து வளர்ந்தவர்களுக்கு ரெய்கி என்பது ஆங்கிலம் பேசும் பழைய பழக்கம். வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை, பழைய கதையைக் கிளற வேண்டியதில்லை. அதனாலேயே ஒரு கவலையும் இருக்கிறது: சொல்லி அழ வேண்டிய ஒருவர் ரெய்கியோடு திருப்திப்பட்டு, வைத்தியரிடம் போகாமல் இருந்துவிடலாம். ஒன்ராறியோவில் பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் அரசின் செலவிலேயே உளச்சிகிச்சைத் திட்டம் இருக்கிறது, குடும்ப வைத்தியர் அனுப்பிவைக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. உயிரை விடலாமா என்று யோசிக்கும் நிலையில் இருப்பவர் எந்நேரமும் 988க்கு அழைக்கலாம் என்பதும் அப்படித்தான்.

தொழில்தருநர் பணம் செலவழிக்க விரும்பினால் வழி இல்லாமல் இல்லை. ஸ்ரார்பக்ஸ் கனடா 2016இல் உளவியல் சிகிச்சைக்கான காப்பை 400 டொலரிலிருந்து 5,000 டொலராக உயர்த்தியது. அடுத்த ஆண்டு மானுலைஃப் தன் கனடிய ஊழியருக்கு 10,000 டொலர் என்று அறிவித்தது. பெயர் பதிந்த, தவறு செய்தால் முறைப்பாடு வைக்கக்கூடிய சிகிச்சையாளரிடம் போவதற்கான காசு அது.

நலவாழ்வு என்றாலே பெருங்காசு வேண்டும் என்றும் இல்லை. கோழிக்கோட்டில் துணிக்கடைப் பெண்கள் ‘பெண்கூட்டு’ அமைப்பின் கீழ் போராடி, உட்காரும் உரிமையை 2018இல் கேரளச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். 2021 செப்டெம்பரில் தமிழ்நாடு சட்டமன்றமும் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியருக்கு இருக்கை கட்டாயம் என்றது. சென்னை ரங்கநாதன் தெருவில் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் நின்று புடைவை விரித்துக் காட்டும் பெண்ணுக்கு, ஆள் இல்லாத நேரத்தில் இருக்க ஒரு முக்காலி. சட்டம் எழுதின மாதிரி எல்லாக் கடையிலும் நடக்கிறதா என்பது வேறு கதை. ஆனால் கால்வலிக்கு எது மருந்து என்பதை அந்தப் பெண்கள் பிசகாமல் சொன்னார்கள்.

ஆகவே ரொறன்ரோ முதலாளிகள் ரெய்கி தருவதென்றால் தரட்டும், சில நிபந்தனைகளோடு. அந்த நேரம் சம்பள நேரமாக இருக்க வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் கழிக்கக் கூடாது. மேசைக்காரருக்குக் கிடைப்பது ஒப்பந்தத் துப்புரவாளருக்கும் கிடைக்க வேண்டும். நோய் தீரும் என்று சுவரொட்டி ஒட்டக் கூடாது. வரவில்லை என்றவரிடம் காரணம் கேட்கவும் கூடாது. அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர்கள் 2009இல் ரெய்கி தங்கள் நிறுவனங்களுக்குப் பொருந்தாது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். ஷெர்போர்ன் வீதி லூர்து மாதா கோவிலுக்குப் போகும் ஒருவர் அதைக் காரணமாக வைத்து விலகலாம், இன்னொருவர் வெறும் கூச்சத்தால் விலகலாம். இவை எல்லாவற்றுக்கும் முன், சம்பளத்தோடு சுகவீன நாளும், இரண்டு கிழமைக்கு முன்பே தெரியும் ஷிஃப்ற் அட்டவணையும் வர வேண்டும். அவை இல்லாத இடத்தில் ரெய்கிக் கட்டில் வெறும் விளம்பரப் படம்.

குயின்ஸ் பார்க் சட்டசபை, சென் ஜேம்ஸ் ரவுணிலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில்தான் இருக்கிறது. பறித்த அந்த இரண்டு நாட்களைத் திருப்பிக் கேட்டு உங்கள் தொகுதி உறுப்பினருக்கு எழுதுங்கள், தமிழிலென்றாலும் எழுதுங்கள். அது வரும்வரை ஒன்றை மறக்க வேண்டாம். காய்ச்சல் என்று விடியப்புறம் போன் எடுத்துச் சொல்லும்போது சுப்பவைசர் வைத்தியரின் துண்டு கேட்டால், சட்டம் தரும் அந்த மூன்று நாட்களுக்கும் 2024 ஒக்ரோபர் 28 முதல் அப்படிக் கேட்க முடியாது என்று தயங்காமல் சொல்லுங்கள்.